ப்யூருலன்ட்: நான் தவறாகப் படித்த ஒரு சொல்லின் வரலாறு

என் வாழ்நாளில் நான் முதன்முதலாகச் செய்த மொழிபெயர்ப்பு ஒரே ஒரு வரி. அதுவும் பிழையானது.

பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த காலம். உடுமலைப் பக்கத்து ஊரிலிருந்து வந்து கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்த அம்மாயிக்கு, இடது கால் விரலிடுக்கில் ஒரு புண். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். பேருந்தில் எளிதாகச் சென்று வரக்கூடிய ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அதன் பெயர் இங்கே வேண்டாம், பிழை அவர்களுடையதும் அன்று. நான் பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்த வேளையில் உள்ளே கட்டுப் போட்டுவிட்டார்கள். செவிலியர் மலையாளத்தில் ஏதோ சொல்லியிருக்கிறார். வெளியே வந்த அம்மாயி, "ஏதோ பழுப்பா இருக்குன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு கண்ணு, எனக்கொண்ணும் வெளங்கல" என்றார். வீட்டுக்கு வந்ததும் சீட்டை என்னிடம் நீட்டினார்கள். தமிழ் மீடியத்தில் படித்தாலும் வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தச் சீட்டில் ஒரு வரி: ப்யூருலன்ட் டிஸ்சார்ஜ், பக்கத்தில் ஒரு கூட்டல் குறி.

"ப்யூர்" எனக்குத் தெரியும், சுத்தம். "டிஸ்சார்ஜ்" எல்லோருக்கும் தெரியும், ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவது. கூட்டல் குறி நல்லதற்குத்தானே போடுவார்கள்? "புண் சுத்தமாயிருச்சு, இனி வர வேண்டாம்னு எழுதியிருக்காங்க அம்மாயி" என்று படித்துச் சொன்னேன். நான்கு நாள்கள் கழித்துக் காய்ச்சலோடு கோயம்புத்தூருக்குக் கொண்டு சென்றபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த நான்கு நாள்கள்தாம் காரணமா என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தச் சீட்டில் எழுதியிருந்தது "சீழ் வடிகிறது" என்பதாகும். மூன்று ஆண்டுகள் கழித்து, மொழியியல் படிக்கத் தொடங்கியபின், நான் அகராதியில் தேடிய முதல் இலத்தீன் சொல் இதுதான். இக்குறிப்பை எழுதுவதற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை. ஒரு பதினாறு வயதுப் பையன் ப்யூருலன்ட்டில் ப்யூரைக் கண்டது அறியாமை மட்டுந்தானா, அல்லது அந்தச் சொல்லே அப்படிக் காணுமாறு அமைந்திருக்கிறதா என்பது எனக்கு நீண்டகாலக் கேள்வி.

இலத்தீனில் சீழுக்குப் பெயர் "பூஸ்". இதுவே ஆங்கிலத்தில் பஸ் ஆயிற்று. (தமிழில் எழுதினால் சீழும் பேருந்தும் ஒன்றாகிவிடும். "பஸ் வந்திருக்கு" என்று இரு செவிலியர் பேசிக்கொள்வதைக் கேட்டுச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்த பெரியவர் ஒருவரை நான் கண்டிருக்கிறேன்.) எழுவாயாக நிற்கும்போது பூஸ். வேற்றுமை ஏற்கும்போது அது "பூரிஸ்" என்றாகிறது. ஸகரம் எங்கே போயிற்று, ரகரம் எங்கிருந்து வந்தது? பழைய இலத்தீனில் இரண்டு உயிர்களுக்கு நடுவே அகப்பட்ட ஸகரம் ரகரமாக மாறிவிட்டது. பூவுக்கு "ஃப்லோஸ்", பூவினுடைய என்பதற்கு "ஃப்லோரிஸ்". எலிக்கு "மூஸ்", எலியினுடைய என்பதற்கு "மூரிஸ்". உடலுக்கு "கோர்புஸ்", உடலினுடைய என்பதற்கு "கோர்போரிஸ்". நம் "கல்" என்பது "கற்சிலை"யில் "கற்" ஆவதைப்போல, ஒரு சொல் தன் அண்டையைப் பொறுத்து உருவம் மாறுகிறது. உரோமில் இம்மாற்றம் முடிந்த காலம் ஏறத்தாழ கி.மு. 4ஆம் நூற்றாண்டு. அக்காலத்தில் பப்பீசியுஸ் என்றிருந்த தம் குடிப்பெயரைப் பப்பீரியுஸ் என்று முதலில் மாற்றிக்கொண்டவர் யார் என்பதைச் சிசரோ தம் கடிதம் ஒன்றில் குறித்துவைத்திருக்கிறார். ஒலிமாற்றத்திற்கு இவ்வாறு ஆள்பெயரோடு சான்று கிடைப்பது அரிது. மொழியியல் மாணவர்கள் இதைக் கேட்டு மகிழாமல் இருக்கமாட்டார்கள்.

ஆக, "பூர்" என்னும் அடியோடு "-உலெண்டுஸ்" என்னும் விகுதி சேர்ந்து "பூருலெண்டுஸ்" பிறந்தது. அவ்விகுதிக்கு "நிறைந்த, மிகுந்த" என்பது பொருள். ஆங்கிலத்தின் வழியாக இவ்விகுதியை நாம் எல்லோரும் அறிவோம். செல்வம் நிறைந்தது ஆபுலன்ட்; சதைப்பற்று மிகுந்தது கார்புலன்ட்; வஞ்சனை நிறைந்தது ஃப்ராடுலன்ட்; கலக்கம் மிகுந்தது டர்புலன்ட், விமானத்தில் அறிவிப்பார்களே அது. நச்சுநீருக்கு இலத்தீனில் "வீருஸ்", நஞ்சு மிகுந்தது விருலன்ட். பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் அந்த வீருஸை அறியாத தமிழர் இல்லை.

அடிச்சொல்லில் இருந்த ஸகரம் ரகரமாகாமல் இருந்திருந்தால் அச்சீட்டில் இருந்திருக்க வேண்டியது "ப்யூசுலன்ட்" போன்ற ஏதோ ஒன்று. நான் அதை ப்யூர் என்று படித்திருக்க வழியே இல்லை. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் உரோமில் நிகழ்ந்த ஓர் ஒலிமாற்றம் கொழிஞ்சாம்பாறையில் என் கண்ணைக் கட்டியது என்று சொல்வது தப்பித்துக்கொள்ளும் பேச்சாகத் தோன்றலாம். தோன்றட்டும், ஒலியியலின்படி உண்மை அதுவே.

"பூருலெண்டுஸ்" புதிதாகச் சமைத்த மருத்துவச் சொல் அன்று. கி.மு. 234 முதல் 149 வரை வாழ்ந்த காத்தோ தம் வேளாண்மை நூலில் இதனை ஆள்கிறார். கருத்த புண் நாறும், அழுக்குநீர் விடும்; வெளுத்த புண் பூருலெண்டுஸ், ஆனால் உள்ளே துளைவிட்டுத் தசைக்கு அடியில் சீழ் கோக்கும் என்பது அவர் சொல்லும் கருத்து. மருந்து? முட்டைக்கோஸை அரைத்துக் கட்டு என்கிறார். முட்டைக்கோஸின் மேல் காத்தோவுக்கு இருந்த நம்பிக்கை அளவற்றது. நம் ஊரில் சின்ன வெங்காயத்தைச் சுட்டு வைத்துக் கட்டுவதையும் அரிசிமாவைக் களியாகக் கிண்டிப் பற்றுப் போடுவதையும் பார்த்து வளர்ந்த எனக்கு அவரைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை. அவ்விடத்தில் அவர் பயன்படுத்தும் இன்னொரு வினை ஆங்கிலத்தில் சப்யுரேட் என்று வழங்குவதன் மூலம்; அதுவும் "அடியில்" என்னும் முன்னொட்டும் அதே "பூர்" என்னும் அடியும் சேர்ந்ததே. மேலே தோல் மூடியிருக்க அடியில் சீழ் கோத்தல். புண்ணுக்குப் புனுகு பூசும் பேச்சு நம்மிடம் இருப்பது இதே அச்சத்தினால்தான்.

இனி, இலத்தீனுக்கும் முன்னே செல்வோம். இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் "பூ" என்றொரு வேர் "அழுகு, நாறு" என்னும் பொருளில் இருந்தது. கிரேக்கத்தில் அது "பூஓன்" என்று சீழுக்குப் பெயராயிற்று. பல்பொடி விளம்பரங்களில் நாம் காணும் பயோரியா அதன் வழிவந்தது. சீழொழுக்கு என்பது நேர்ப்பொருள். லித்துவேனிய மொழியில் "பூதி" என்றாலே அழுகுதல். செருமானியக் கிளையில் பகரம் ஃபகரமாக மாறியதால், ஆங்கிலத்தில் அவ்வேர் ஃபவுல் என்றும் ஃபில்த் என்றும் ஆயிற்று. கால்பந்தாட்டத்தில் நடுவர் ஊதும் ஃபவுலும் என் அம்மாயியின் காலில் இருந்ததும் ஒரே வேரின் கிளைகள். வடமொழியில் "பூயதி" நாறுகிறது, "பூதி" நாற்றமுடையது, "பூய" சீழ். பாகவத புராணம் எண்ணும் நரகங்களுள் ஒன்றுக்குப் பூயோதம் என்று பெயர், சீழ்க்கடல். தமிழ் மருத்துவச் சுவடி மரபிலும் "பூயம்" வழங்கியது. அதை எழுதிய நாட்டு வைத்தியரும் ப்யூருலன்ட் என்று எழுதும் இன்றைய மருத்துவரும் அறியாமலே உறவினர்.

சுத்தம் என்னும் பொருள்தரும் ப்யூர் வேறு குடும்பம். இலத்தீனில் "பூருஸ்", இதில் உள்ள ரகரம் பிறப்பிலேயே ரகரம். இதற்கு மூலமான வேரும் "பூ" என்றே ஒலித்தது. ஆனால் பொருள் "தூய்மையாக்கு". வடமொழியின் பவித்ரமும் நம் வழக்கில் உள்ள புனிதமும் அதன் வழிவந்தவை. அழுகலுக்கு ஒரு பூ, தூய்மைக்கு ஒரு பூ. இரண்டும் ஒன்றே, அழுகியதைக் கழுவுவதால் தூய்மை பிறந்தது என்று கதை கட்ட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி நிறுவச் சான்றில்லை. தனித்தனியாகவே கொள்ள வேண்டும். இத்தகைய குழப்பம் இலத்தீனுக்கு மட்டும் உரியதும் அன்று. வடமொழியில் "பூத" என்றால் தூய்மையானது, "பூதி" என்றால் நாறுவது. திருநீற்றைக் குறிக்கும் "பூதி"யோ பகரத்தின் அழுத்த ஒலியோடு தொடங்கும் வேறு சொல். மூன்றையும் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். நீறும் நாற்றமும் ஒரே எழுத்தில் வந்து நிற்கும்.

தமிழின் பக்கம் திரும்புகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

தமிழில் சீ, சீழ். தெலுங்கில் சீமு. கன்னடத்திலும் துளுவிலும் கீவு. தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் இகர எகரங்களுக்கு முன் நின்ற பழைய ககரம் சகரமாயிற்று. கன்னடம் ககரத்தை விடவில்லை. தமிழ் செவி, கன்னடம் கிவி. தமிழ் சிறு, கன்னடம் கிறு. எனவே மூலதிராவிடத்தில் சீழுக்குப் பெயர் "கீ". கன்னடத்தில் "கீ" என்பது வினையாகவும் நின்று அழுகுதலைக் குறிக்கும். மலையாளத்தில் "சீயுக" என்றால் அழுகுதல். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் அழுகிய தக்காளியைச் "சீஞ்ஞது" என்று ஒதுக்குவதை நாள்தோறும் கேட்கலாம். இந்தோ-ஐரோப்பியரைப்போலவே திராவிடரும் சீழுக்கு அழுகலிலிருந்தே பெயரிட்டிருக்கின்றனர். ஒருவரிடமிருந்து மற்றவர் வாங்கியதாகக் கருத ஒன்றுமில்லை. மூக்கு இருபாலர்க்கும் பொது.

இங்கே ஓர் இடைப்பிறவரல். அருவருப்பைக் காட்டும் "சீ!" என்னும் சொல்லும் சீழின் "சீ"யும் ஒன்றா என்று வகுப்பில் ஆண்டுதோறும் யாரேனும் கேட்பார்கள். ஐரோப்பியரிலும் தம் "பூ" என்னும் வேர், நாற்றம் கண்டு வாயால் ஊதும் ஒலியிலிருந்து பிறந்ததாகக் கருதியவர் உண்டு. கவர்ச்சியான எண்ணந்தான். ஆனால் நம் "சீ!" அதே வேராயின், கன்னடர் அருவருக்கும்போது "கீ!" என்று சொல்ல வேண்டும். அவர்களும் "ச்சீ" என்றே சொல்கிறார்கள். உணர்ச்சியொலிகள் மொழிக்கு மொழி எளிதில் தாவக்கூடியவை என்பதால் இது முடிந்த முடிபன்று. இருந்தாலும், நான் அவ்விரண்டையும் சேர்த்துவைக்க மாட்டேன்.

அம்மாயி மருத்துவரிடம் சொன்ன சொல்லோ சீயும் அன்று, சீழும் அன்று. "கால்ல சலம் வருதுங்க" என்றார். கொங்குப் பகுதியில் சலம் என்றால் சீழ். மலையாளத்திலும் சலம் அதுவே. ஆகவே அவர் சொன்னது மருத்துவருக்கு நன்றாகவே விளங்கியிருக்கும். யாழ்ப்பாணத்து ஆய்வு நண்பர் ஒருவரிடம் இக்கதையைச் சொன்னபோது அவர் திகைத்துவிட்டார். இலங்கைத் தமிழில் சலம் என்றால் சிறுநீர். சலப்பை மூத்திரப்பை, சலரோகம் நீரிழிவு. காலிலிருந்து சிறுநீர் எப்படி வரும் என்பது அவர் திகைப்பு. தண்ணீரைச் சலம் என்று எழுதியவர்களும் தமிழர்களே. சர்க்கரை நோயால் சீழ் பிடித்த ஒரு காலைப் பற்றிப் பேசும்போது, எங்கள் ஊரில் சலம் என்பது விளைவு, யாழ்ப்பாணத்தில் சலரோகம் என்பது காரணம்.

செவிலியர் சொன்ன சொல் "பழுப்பு". மலையாளத்தில் புண் பழுத்துச் சீழ் கொள்வதற்கும் அந்தச் சீழுக்கும் பழுப்பு என்றே பெயர். தமிழில் அம்மாயி அறிந்த பழுப்பு ஒரு நிறம். பழுத்த இலையின் நிறம். செவிலியர் "சீழ் இருக்கிறது, நாளைக்கும் வாருங்கள்" என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அம்மாயிக்கு அது "ஏதோ பழுப்பாக இருக்கிறது" என்று எட்டியிருக்கிறது. இத்தனைக்கும் "கட்டி பழுத்திருக்கு" என்று அவரே நூறுமுறை சொல்லியிருப்பார். வினையாக வந்தால் விளங்கும் சொல் பெயராக வந்ததும் நிறமாகிவிட்டது. இரண்டு உடன்பிறந்த மொழிகளுக்கிடையே ஏற்படும் இத்தகைய தடுமாற்றம், ஒன்றுக்கொன்று அயலான மொழிகளுக்கிடையே ஏற்படுவதைவிடக் கொடியது. விளங்கவில்லை என்பதே விளங்காது.

புண் பழுக்கிறது என்னும் எண்ணம் தமிழர்க்கும் மலையாளிகளுக்கும் மட்டும் உரியதன்று. சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானத்தில் 17ஆம் அத்தியாயம் முழுவதும் இதைப் பற்றியது. வீக்கம் முதலில் ஆமம், அதாவது காய், பின் பச்யமானம், வெந்துகொண்டிருப்பது, கடைசியில் பக்குவம். காயாக இருப்பதைக் கீறுபவனையும் கனிந்ததைக் கீறாமல் விடுபவனையும் அந்நூல் ஒரே கடுஞ்சொல்லால் ஏசுகிறது. சமையலிலும் மனத்திலும் நாம் நாள்தோறும் பேசும் "பக்குவம்" அந்தப் பக்குவந்தான். கிரேக்க மருத்துவர்களும் நோய்நீர் "பெப்சிஸ்" அடைய வேண்டும் என்றனர். வேகுதல், கனிதல் என்பது பொருள். வடமொழிப் பக்குவமும் கிரேக்கப் பெப்சிஸும் சமைத்தலைக் குறித்த ஒரே மூலவேரிலிருந்து வந்தவை. தமிழிலோ "ஊழ்த்தல்" என்னும் ஒரே வினை முதிர்தலையும் பதனழிதலையும் சேர்த்துக் குறிக்கும். "ஊழல்" என்பதன் பழம்பொருள் அழுகல். கையூட்டுக்கு அது பெயரானது பிற்காலத்தில். பழுத்தலுக்கும் அழுகலுக்கும் இடையே கோடு எங்கே என்று எந்த மொழியும் தெளிவாகச் சொன்னதில்லை.

இந்தப் பழுத்தல் எண்ணம் உவமையாக நின்றிருந்தால் கேடில்லை. அது மருத்துவக் கொள்கையாகி, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நோயாளிகளின் உடலில் ஆட்சி செய்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் மருத்துவ நூல் எழுதிய செல்சுஸ், புண்ணிலிருந்து வருவனவற்றைக் குருதி, சானியேஸ் என்னும் நீர்த்த கழிவு, பூஸ் என்று பிரித்து, சீழிலும் நல்லது கெட்டது கண்டார். கெட்டியாய், வெண்மையாய், நாற்றமற்று இருப்பது நல்லது. சூடு, வலி, சிவப்பு, வீக்கம் என்று அழற்சிக்கு இன்றும் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் நான்கு அடையாளங்களும் அவர் நூலில் உள்ளவையே. அவருக்குப் பின்வந்த கேலனைப் பின்பற்றியவர்கள் இதனை இன்னும் வளர்த்து, "நல்லதும் போற்றத்தக்கதுமான சீழ்" என்றொரு தொடரையே நிலைநிறுத்தினர். சீழ் வந்தால் புண் ஆறும். வராவிட்டால் வரவழைக்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் பொலோனியாவைச் சேர்ந்த தியோதோரிக், புண்ணில் சீழ் உண்டாக வேண்டிய தேவையே இல்லை, மதுவால் கழுவி ஓரங்களைச் சேர்த்துக் கட்டினாலே போதும் என்று எழுதினார். கேட்டவர் சிலர்.

அக்கொள்கையை மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் கண்ணால் கண்டது உண்மை. கெட்டியான வெண்சீழ் பெரும்பாலும் ஓரிடத்தில் அடங்கி நிற்கும் தொற்றின் அடையாளம்; நீர்த்து நாறும் கழிவு தசைவழியே விரைந்து பரவும் தொற்றின் அடையாளம். முதல்வகையினர் பிழைத்தனர், இரண்டாம் வகையினர் இறந்தனர். இறந்தவர்களோடு ஒப்பிட்டுச் சீழைப் போற்றினார்கள். சீழே இல்லாமல் ஆறும் புண்ணை அவர்கள் போதிய அளவு பார்த்ததில்லை. அபெர்டீன் நகரத்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1880ஆம் ஆண்டையொட்டிச் சீழை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்துக் கொத்துக் கொத்தான உருண்டைகளைக் கண்டார். திராட்சைக் கொத்துக்கான கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1882இல் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்று பெயரிட்டார். பழுத்த புண்ணுக்குள் மீண்டும் ஒரு பழம்.

போற்றத்தக்க சீழின் காலத்தை முடித்துவைத்தவர் ஜோசஃப் லிஸ்டர். 1865இல் கிளாஸ்கோ மருத்துவமனையில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு வெளியே வந்த 11 வயதுச் சிறுவனின் புண்ணுக்குக் கார்பாலிக் அமிலம் தோய்த்த கட்டுப் போட்டார். சீழ் பிடிக்கவில்லை, கால் பிழைத்தது. 1867இல் தம் முறையை லான்செட் இதழில் வெளியிட்டார்.

அதே 1867இல் தமிழில் ஒரு நூல் வந்தது. இராபர்ட் துரூயிட் எழுதிய அறுவை மருத்துவக் கைநூலைச் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் "இரணவைத்தியம்" என்னும் பெயரில் வெளியிட்டார். அமெரிக்காவின் வூஸ்டரில் 1822இல் பிறந்த கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தவர். 1860களில் ஆங்கிலத்தை விட்டுத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு வேலை தேடிப் போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் தம் ஊரிலேயே இருந்து வைத்தியம் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. "மனுஷ அங்காதிபாதம்", "வைத்தியாகரம்" ஆகியவை 1872இலும் வேதியியல் நூலான "கெமிஸ்தம்" 1875இலும் வந்தன. கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடு, இல்லையேல் வடமொழியில் தேடு, அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர் என்பது அவர் வழி. நூற்பெயர்களே அதற்குச் சான்று: இரணம் வடமொழி விரணத்தின் தமிழ் உரு, கெமிஸ்தம் ஆங்கில ஒலி. அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் மருத்துவர்களை உருவாக்கிவிட்டு 1873இல் நாடு திரும்பி, 1884இல் மறைந்தார். தமிழர்களுக்கான மருத்துவ ஊழியன் என்று தம் கல்லறையில் பொறிக்கச் சொன்னவர்.

லிஸ்டரின் கட்டுரையும் இரணவைத்தியமும் ஒரே ஆண்டில் வந்தது தமிழுக்கு நேர்ந்த கெடுவாய்ப்பு என்று நினைக்கிறேன். பழைய அறுவை மருத்துவத்தின் முழு நூலைத் தமிழ் பெற்ற அந்த ஆண்டிலேயே, அம்மருத்துவத்தின் அடித்தளம் வேறோரிடத்தில் மாற்றிப் போடப்பட்டுக்கொண்டிருந்தது. கிறீனுக்குப் பின் அந்த வேகத்தில் பதிப்புகளைப் புதுப்பிக்க ஆளில்லை. மருத்துவக் கல்வி ஆங்கிலத்துக்கே திரும்பியது. ஆகவேதான் 1867இல் தமிழில் அறுவை நூல் இருந்த மொழியைப் பேசுகிறவன், ஒன்றரை நூற்றாண்டு கழித்து, ப்யூருலன்ட் என்பதைச் சுத்தம் என்று படித்தான்.

இச்சொல்லுக்குத் தமிழ் என்ன? "சீழ்மிகு", "சீழார்ந்த" என்று கலைச்சொல் ஆக்குவதில் இடர் ஒன்றும் இல்லை. விகுதிக்கு விகுதி வைத்துவிடலாம். ஆனால் நம் பேச்சு அப்படி இயங்குவதில்லை. தமிழர் புண்ணைப் பெயரடையால் வருணிப்பதில்லை, பெயரெச்சத்தால் வருணிக்கிறார்கள். சீழ் பிடித்த புண். சீழ் கோத்த கட்டி. சீழ் வைத்த பல். சீழ் வடிகிற காது. இவை ஒன்றல்ல. பிடித்தல் தொடக்கம், கோத்தல் உள்ளே சேர்ந்து நிற்பது, வடிதல் வழி கண்டு வெளியேறுவது. இலத்தீனின் பூருலெண்டுஸ் "சீழ் நிறைந்தது" என்று நின்றுவிடுகிறது. அது எந்த நிலையில் உள்ளது என்பதற்கு இன்னொரு சொல் வேண்டும், அன்று அச்சீட்டில் இருந்த டிஸ்சார்ஜைப்போல. நம் வினை அந்த நிலையையும் காலத்தையும் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. புதிய கலைச்சொல் தேடும் குழுக்கள் கட்டுப்போடும் அறையில் ஒரு முற்பகல் உட்கார்ந்திருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. மனு எழுதலாம், எழுதியும் இருக்கிறோம். மருத்துவச் சீட்டு கடிதம் அன்று. அது தமிழிலும் வருவதில்லை, மலையாளத்திலும் வருவதில்லை. நான் ஒரு மலையாளி மாணவனாக இருந்திருந்தாலும் அதே பிழையைச் செய்திருப்பேன். கோயம்புத்தூரில் இருந்திருந்தாலும் செய்திருப்பேன். எனவே இதை மொழிச் சிறுபான்மைக் குறையாக மட்டும் சொல்ல நான் விரும்பவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து திரும்பிய பின் அம்மாயி ஏழு ஆண்டுகள் இருந்தார். சீட்டைப் படித்தது நான் என்பதை ஒருநாளும் அவர் எடுத்துச் சொன்னதில்லை. நான் மொழியியலில் முதுகலை சேர்ந்தபோது, "என்ன படிப்பு கண்ணு அது?" என்று கேட்டார். சொல்லெல்லாம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கும் படிப்பு என்றேன். "சலம் எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்துச் சொல்லு" என்றார். சீழுக்குச் சலம் என்னும் பெயர் வந்த வழியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அதற்காகவே நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் இதை என்னவென்று சொல்வார்கள்? சீ, சீழ், சலம், பழுப்பு, வேறு ஏதேனும்? ஊர்ப்பெயரோடு எழுதுங்கள். சித்தூர் வட்டத்தவர்களும், மறையூர், மூணாறு, குமுளிப் பக்கத்தவர்களும் தவறாமல் எழுத வேண்டும். பாட்டி சொல்லும் சொல்லும் பேரப்பிள்ளை சொல்லும் சொல்லும் வெவ்வேறாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள்.